பேட்டரியை மாற்றுமுன் கணக்குப் பாருங்கள்
பழைய வண்டி வைத்திருக்கும் வணிகர்களுக்கு ஒரு பாடம்



கடையும் சரக்கும் நமக்கு எவ்வளவு முக்கியமோ, சரக்கு ஏற்றி வரும் வண்டியும் அவ்வளவு முக்கியம். நம்மில் பலர் இன்றும் பழைய வண்டிகளை வைத்தே தொழில் நடத்துகிறோம். அம்பாசடர், மாருதி 800 இரண்டின் உற்பத்தியும் 2014-ல் நின்றது. ஆம்னி வேன் 2019-ல் நின்றது. ஆயினும் மளிகைக் கடை வாசல்களிலும் மண்டித் தெருக்களிலும் இவை இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. என்ஜின் நன்றாக இருக்கும், டயர் நன்றாக இருக்கும். ஆனால் விடியற்காலை 4 மணிக்கு மண்டிக்குப் புறப்பட்டுச் சாவியைத் திருப்பினால், "டிக், டிக்" என்ற சத்தம் மட்டும் வரும்.

அந்த நேரத்தில் பேட்டரி இறங்கியிருப்பது வெறும் வண்டிப் பிரச்சினை அல்ல. கோயம்பேட்டிலோ ஒட்டன்சத்திரத்திலோ நல்ல சரக்கு விடியுமுன் கை மாறிவிடும். இரண்டு மணி நேரம் தாமதமானால் மிச்சத்தைத்தான் வாங்க வேண்டும். கடை திறக்கும்போது காய்கறித் தட்டு காலியாக இருந்தால், வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். போனவர் திரும்ப எத்தனை நாளாகும் என்பது நமக்குத் தெரியும்.

இந்த நிலையில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். நாலு பேரைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ளுவோம். மறுநாள் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதுப் பேட்டரி போடுவோம். சில வாரங்களில் அதுவும் இறங்கிவிடும். "பேட்டரி கம்பெனி சரியில்லை" என்று குறை சொல்வோம்.

கல்லாவில் பணம் குறைந்தால் நாம் புதுக் கல்லாப்பெட்டி வாங்குவதில்லை. நேற்றைய இருப்பு எவ்வளவு, இன்றைய வரவு எவ்வளவு, கணக்கில் வராமல் வெளியே போனது எவ்வளவு என்றுதான் பார்க்கிறோம். பேட்டரிக்கும் அதே மூன்று கணக்குதான்: இருப்பு, வரவு, கசிவு. இவற்றை நாமே பார்க்கலாம். எலக்ட்ரீஷியன் வேலையை நாம் செய்ய வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. குறை எங்கே என்று தெரிந்த பிறகு பணத்தை எடுக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

மின்சாரம் ஓடும் வழி

முதலில் வண்டிக்குள் மின்சாரம் எப்படி வந்து போகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

12 வோல்ட் பேட்டரிக்குள் 6 அறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். சாவியைத் திருப்பும்போது செல்ஃப் மோட்டார் சில விநாடிகளுக்கு நூறு ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். என்ஜின் பிடித்தவுடன் ஃபேன் பெல்ட்டால் சுழலும் ஆல்டர்னேட்டர் (நம் வழக்கில் டைனமோ) மின்சாரம் உற்பத்தி செய்து, ஓடும் செலவையும் பார்த்துக்கொண்டு பேட்டரியையும் நிரப்பும். மிகப் பழைய அம்பாசடர் போன்ற வண்டிகளில் உண்மையான டைனமோவும், அதனுடன் கட்-அவுட் பெட்டியும் இருக்கும்.

பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒயர் வழியாகப் புறப்படும் மின்சாரம் திரும்பி வருவதற்குத் தனி ஒயர் கிடையாது. வண்டியின் இரும்பு உடம்பே திரும்பும் வழி. இதைத்தான் எர்த் என்கிறோம். பழைய வண்டிகளில் பாதிக் கோளாறு இந்தத் திரும்பும் வழியில்தான் இருக்கும். பழைய ஆங்கில வடிவமைப்பு வண்டிகள் சிலவற்றில் பிளஸ் முனை உடம்போடு சேர்ந்திருக்கும். ஆகவே எந்த முனையின் கேபிள் உடம்புக்குப் போகிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் மைனஸ் முனை எர்த் ஆக உள்ள வண்டிகளுக்கு.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். எலக்ட்ரிக்கல் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதில் 10 ஆம்பியர் வரை அளக்கும் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முனைகளைக் கழற்ற 10 நம்பர் ஸ்பேனர் (சில வண்டிகளுக்கு 12 அல்லது 13), ஒரு கம்பி பிரஷ், சிறிது வாசலின் இருந்தால் நல்லது. மற்றொரு பொருள் நம் கடையிலேயே இருக்கிறது: ஆப்பசோடா.

வேலை தொடங்குமுன் நான்கு எச்சரிக்கைகள்:

1. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அருகில் பீடி, தீக்குச்சி, ஊதுபத்தி எதுவும் கூடாது.

2. மோதிரம், உலோக வாட்ச் பட்டை இவற்றைக் கழற்றி வையுங்கள்.

3. கழற்றும்போது மைனஸ் முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதையே கடைசியாக மாட்ட வேண்டும். அப்போதுதான் ஸ்பேனர் தவறி உடம்பில் பட்டாலும் தீப்பொறி வராது.

4. ஆசிட் கையிலோ கண்ணிலோ பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் கழுவிய பின் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

முதல் கணக்கு: இருப்பு

இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் சாவியைத் தொடுமுன் அளக்க வேண்டும். ஓடி நின்றவுடன் அளந்தால் பொய்யான கூடுதல் அளவு காட்டும். மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, சிவப்பு ஒயரைப் பிளஸ் முனையிலும் கறுப்பு ஒயரை மைனஸ் முனையிலும் வையுங்கள்.

12.6 அல்லது அதற்கு மேல்: முழு இருப்பு.
12.4: முக்கால் அளவு.
12.2: பாதி.
12.0: கால் அளவு.
11.9-க்குக் கீழ்: இருப்பு இல்லை என்றே கொள்ளலாம்.

12 வோல்ட் பேட்டரியில் 12 வோல்ட் இருக்கிறதே, நன்றாகத்தானே இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. 12.0 என்றால் முக்கால்வாசி காலி.

அடுத்து, ஒருவர் செல்ஃப் அடிக்க மற்றொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். முழு இருப்புள்ள நல்ல பேட்டரி செல்ஃப் அடிக்கும்போதும் 9.6 வோல்ட்டுக்குக் கீழ் இறங்காது. காலையில் 12.6 காட்டிய பேட்டரி செல்ஃப் அடித்தவுடன் 7, 8 என்று சரிந்தால், அதன் உள்ளே வலு இல்லை என்று பொருள். ஒருவேளை செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுத்தாலும் இப்படி ஆகும். ஆகவே நல்ல பேட்டரி ஒன்றை மாற்றிவைத்து ஒருமுறை பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

மூடி திறக்கும் பேட்டரியானால், பேட்டரிக் கடையில் ஹைட்ரோமீட்டர் வைத்து ஆறு அறைகளையும் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள். எல்லா அறையும் ஒரே அளவில் குறைந்திருந்தால் சார்ஜ் போட்டால் சரியாகும். ஐந்து அறை 1.240 காட்டி ஓர் அறை மட்டும் 1.150 காட்டினால் அந்த அறை போய்விட்டது. அறைகளுக்குள் 0.050-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பேட்டரியை மாற்றுவதே நல்லது. அப்போது செய்யும் செலவு நியாயமான செலவு.

தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். தகடுகள் முழுகும் அளவு போதும். கிணற்று நீர், கார்ப்பரேஷன் தண்ணீர், கேன் தண்ணீர் எதுவும் ஆகாது. "பவர் ஏறும்" என்று சொல்லி ஆசிட் ஊற்றுவது பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

இரண்டாம் கணக்கு: வரவு

இப்போது என்ஜினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரைச் சற்று அழுத்திப் பிடித்து, அதே இரண்டு முனைகளில் அளவு பாருங்கள். 13.8 முதல் 14.4 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் சரியாக வேலை செய்கிறது. பிறகு ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் 13.5-க்குக் குறையாமல் நிற்க வேண்டும்.

என்ஜின் ஓடும்போதும் 12.3, 12.4 என்றே நின்றால் வரவே இல்லை. பேட்டரி தன் கைப்பணத்தைப் போட்டு வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் ஃபேன் பெல்ட்டைப் பாருங்கள். தளர்ந்தோ பளபளப்பாகத் தேய்ந்தோ இருந்தால் வழுக்கும். பிறகு ஆல்டர்னேட்டரின் பின்புறக் கனமான ஒயர் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால், உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், ரெகுலேட்டர் போயிருக்கலாம். பிரஷ் மாற்றும் செலவு, புதுப் பேட்டரியின் விலையில் சிறு பகுதிதான்.

அளவு 15 வோல்ட்டைத் தாண்டினால் அதுவும் கோளாறே. வரவு அதிகம் என்று மகிழக் கூடாது. பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும். பல்புகள் அடிக்கடி போகும். மாதம் இரண்டு முறை தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால் இதைச் சந்தேகிக்கலாம்.

நம் வண்டிகளுக்கே உரிய ஒரு சங்கதி உண்டு. இருட்டில் ஹெட்லைட் போட்டு 2 கிலோமீட்டர் போகிறோம். மண்டியில் என்ஜினை ஸ்லோவில் ஓடவிட்டு, விளக்கும் எரிய, சரக்கு ஏற்றுகிறோம். பகலில் பத்து இடத்தில் நிறுத்தி நிறுத்தி டெலிவரி. ஸ்லோவில் ஓடும்போது ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரம் குறைவு. இரண்டு 55 வாட் ஹெட்லைட் மட்டுமே சுமார் 9 ஆம்பியர் எடுக்கும். இப்படி வாரம் முழுவதும் ஓடினால் எந்தக் கோளாறும் இல்லாமலேயே இருப்புக் கரையும். இதற்கு மருந்து எளிது: நிற்கும்போது ஹெட்லைட்டை அணையுங்கள். வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். முடியாதவர்கள் மாதம் ஒருமுறை சார்ஜரில் போடலாம். 35 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3.5 ஆம்பியர் அளவில், மெதுவாக ஏற்றுவதே நல்லது.

மூன்றாம் கணக்கு: கசிவு

இருப்பும் சரி, வரவும் சரி. ஆனால் இரண்டு நாள் நிறுத்தினால் வண்டி எடுக்கவில்லை. இதுதான் பலரை அலைக்கழிக்கும் கோளாறு. சாவியை எடுத்த பிறகும் எங்கோ மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது. கடையில் சரக்கு கசிவது போல, கண்ணுக்குத் தெரியாது. மாதக் கடைசியில்தான் தெரியும்.

கசிவை அளக்கும் முறை இது. சாவியை எடுத்துவிடுங்கள். எல்லா விளக்கும் அணைந்திருக்கட்டும். கதவு திறந்திருந்தால் ரூஃப் லைட் எரியும். ஆகவே கதவுகளை மூடுங்கள், அல்லது கதவு ஸ்விட்சை அழுத்திக் கட்டிவையுங்கள். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, மீட்டரை டி.சி. ஆம்பியரில் வையுங்கள். மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் மைனஸ் முனைக்கும் நடுவில் மீட்டரை இணையுங்கள். இப்போது வண்டிக்குள் போகும் மின்சாரம் முழுவதும் மீட்டர் வழியாகத்தான் போக வேண்டும்.

இந்த நிலையில் சாவியைப் போடவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது. அடித்தால் மீட்டரின் பியூஸ் போய்விடும். அளந்து முடிந்ததும் சிவப்பு ஒயரைப் பழைய துளைக்கு மாற்ற மறக்காதீர்கள். ஆம்பியர் துளையில் இருக்கும்போதே அடுத்த முறை வோல்ட் பார்க்க பேட்டரியில் வைத்தால் நேரடி ஷார்ட் ஆகும்.

கடிகாரமும் பாட்டுப் பெட்டியும் உள்ள வண்டியில் 0.02, 0.03 ஆம்பியர் காட்டுவது இயல்பு. 0.05 வரை பொறுக்கலாம். எந்த எலக்ட்ரானிக் பொருளும் இல்லாத பழைய வண்டியில் ஏறத்தாழ பூஜ்யம்தான் காட்ட வேண்டும்.

இந்தச் சிறு எண்களை அலட்சியப்படுத்தாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.05 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி பாதியாக இரண்டு வாரம் ஆகும். அதே நேரம், 5 வாட் பல்பு ஒன்று எரிந்தால் 0.42 ஆம்பியர், ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-அவர். பேட்டரி இரண்டு நாளுக்குள் பாதியாகிவிடும். பிரேக் லைட் இரண்டும் அணையாமல் நின்றுவிட்டால் 42 வாட், 3.5 ஆம்பியர். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒரே இரவில் படுத்துவிடும்.

கசிவு இருக்கிறது என்று தெரிந்ததும் அடுத்த வேலை இடத்தைக் கண்டுபிடிப்பது. மீட்டரைப் பார்த்துக்கொண்டே பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒன்றைக் கழற்றி, அளவு மாறவில்லை என்றால் அதை அதே இடத்தில் மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். எந்தப் பியூஸைக் கழற்றியதும் அளவு சட்டென்று இறங்குகிறதோ, அந்த வழியில்தான் கசிவு. பத்து பேர் வேலை செய்யும் கடையில் எல்லோரையும் சந்தேகிப்பதை விட, ஒவ்வொரு அலமாரியாகச் சரக்கு எண்ணுவது மேல் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

வழக்கமாக அகப்படும் இடங்கள்:

ரூஃப் லைட், டிக்கி லைட்: கதவு ஸ்விட்ச் துருப்பிடித்து உள்ளேயே சிக்கிக்கொள்ளும். மூடிய பிறகும் விளக்கு எரியும். பகலில் தெரியாது. இரவில் கண்ணாடி வழியாகப் பாருங்கள்.

பிரேக் லைட் ஸ்விட்ச்: பெடல் முழுவதும் மேலே வராவிட்டால் பின்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

பிறகு சேர்த்த பொருட்கள்: பாட்டுப் பெட்டி, கூடுதல் ஹாரன், ரிவர்ஸ் சத்தம், ஜி.பி.எஸ். கருவி, செல்போன் சார்ஜர். இவற்றைப் பியூஸ் பெட்டி வழியாகக் கொடுக்காமல் நேராகப் பேட்டரியில் முறுக்கியிருப்பார்கள். பியூஸைக் கழற்றினாலும் இவை அகப்படா. பேட்டரி முனையில் எத்தனை ஒயர் தொங்குகிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும்.

ஆல்டர்னேட்டர்: எல்லாப் பியூஸையும் கழற்றிய பிறகும் கசிவு குறையவில்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள். உள்ளிருக்கும் டயோடு கெட்டால் பேட்டரியிலிருந்து மின்சாரம் திரும்ப ஓடும். முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் பின்புற ஒயரை எடுத்து, முனையை டேப் சுற்றித் தனியே வைத்து, மறுபடி கசிவை அளக்கச் சொல்லுங்கள். அளவு பூஜ்யமானால் குற்றவாளி அதுவே.

கட்-அவுட்: பழைய டைனமோ வண்டிகளில் இதன் முனைகள் ஒட்டிக்கொண்டால், என்ஜின் நின்ற பிறகும் பேட்டரி டைனமோவை ஓட்டப் பார்க்கும். சில மணி நேரத்தில் இருப்பெல்லாம் போய்விடும், ஒயரும் சூடேறும். உடனே கேபிளைக் கழற்ற வேண்டும்.

பேட்டரியின் மேற்புறம்: ஆசிட் ஈரமும் தூசியும் சேர்ந்து இரண்டு முனைகளுக்கும் நடுவில் பாலம் போட்டுவிடும். மீட்டரின் கறுப்பு ஒயரை மைனஸ் முனையில் வைத்து, சிவப்பு ஒயரைப் பிளாஸ்டிக் மூடியின் மேல் நகர்த்திப் பாருங்கள். வோல்ட் காட்டினால் அந்த அழுக்கு வழியாகவே மின்சாரம் போகிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்பசோடா கரைத்து, மூடிகளை இறுக்கி, துணியால் துடையுங்கள். கரைசல் உள்ளே போய்விடக் கூடாது. முனைகளில் பூத்திருக்கும் பச்சை, வெள்ளைப் பொடியும் இதிலேயே போய்விடும். காய்ந்த பின், கேபிளை இறுக்கி மாட்டி மேலே வாசலின் தடவுங்கள்.

உப்பும் எலியும்

மற்றவர்களை விட நம் வண்டிகளுக்கு இரண்டு எதிரிகள் அதிகம்.

ஒன்று உப்பு. உப்பு மூட்டை, கருவாடு, ஊறுகாய் டின் இவை ஏற்றும் வண்டியில் ஈரம் தரையில் இறங்கி, எர்த் ஒயர் மாட்டியிருக்கும் இடத்தை அரித்துவிடும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்றே இந்த வேலையைச் செய்யும். எர்த் அரித்தால் பேட்டரி நிறைந்திருந்தும் செல்ஃப் இழுக்காது. விளக்கு மங்கும். இன்டிகேட்டர் போட்டால் வேறு விளக்கு மினுக்கும். இதைப் பார்த்து ஏமாந்து பேட்டரி மாற்றுபவர்கள் பலர்.

சோதனை எளிது. மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு ஒயரைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் மற்றதை என்ஜினின் சுத்தமான இரும்பிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் அடைப்பு இருக்கிறது. எர்த் ஒயரைக் கழற்றி, ஒயரின் வளையத்தையும் அது உட்காரும் இரும்பையும் பளபளக்கும் வரை தேய்த்து மாட்டினால் தீர்ந்தது. ஒயர் உள்ளுக்குள் பச்சை பிடித்திருந்தால் மாற்ற வேண்டும். இதேபோலப் பேட்டரியின் பிளஸ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் கனமான முனைக்கும் நடுவில் அளந்தால் 0.5 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது.

இரண்டாவது எதிரி எலி. அரிசியும் பருப்பும் சிந்திய வண்டி, குடோன் அருகே இரவில் நிற்கும் வண்டி, இரண்டுக்கும் எலி வரும். ஒயரின் மேலுறையைக் கடித்துவிடும். உள்ளே செம்பு வெளியே தெரியும். வண்டி குலுங்கும்போது அது இரும்பில் பட்டு எடுக்கும். சில நாள் கசிவு இருக்கும், சில நாள் இருக்காது. எப்போதாவது மட்டும் பேட்டரி இறங்குகிறது என்றால், டேஷ்போர்டின் அடியிலும் தரை விரிப்பின் கீழும் டார்ச் அடித்துப் பாருங்கள். வண்டியை வாரம் ஒருமுறை கூட்டிச் சுத்தம் செய்வதே பெரிய பாதுகாப்பு.

பியூஸில் விளையாட வேண்டாம்

பியூஸ் அடிக்கடி போகிறது என்பதற்காகச் சிகரெட் அட்டையின் வெள்ளித் தாளைச் சுற்றுவதும், தடித்த கம்பி வைப்பதும் இன்றும் நடக்கிறது. பியூஸ் போவது கோளாறு அல்ல. கோளாறு இருக்கிறது என்று சொல்லும் காவல்காரன் அது. காவல்காரனை அனுப்பிவிட்டால் அடுத்து எரிவது ஒயர். நம் வண்டியில் இருப்பது எண்ணெய் டின், தீப்பெட்டிப் பண்டல், அட்டைப் பெட்டி. ஓட்டுபவர் நம் பிள்ளையோ நம் கடைப் பையனோ. 10 ஆம்பியர் பியூஸ் இருந்த இடத்தில் 10 ஆம்பியர்தான் போட வேண்டும். அது மீண்டும் போனால் காரணத்தைத் தேட வேண்டும்.

மற்றொரு தவறான பழக்கம், என்ஜின் ஓடும்போதே பேட்டரி கேபிளைக் கழற்றி "டைனமோ வேலை செய்கிறதா" என்று பார்ப்பது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அப்படிச் செய்தால் வோல்ட் தாறுமாறாக ஏறி டயோடுகள் போய்விடும். மீட்டர் இருக்கும்போது இந்தச் சோதனை தேவையில்லை.

மூன்று பயிற்சிக் கணக்குகள்

படித்தது மனதில் நிற்க, மூன்று வண்டிகளின் அளவுகளை உதாரணமாகத் தருகிறோம். விடையைப் படிக்குமுன் நீங்களே தீர்ப்புச் சொல்லிப் பாருங்கள்.

முதல் வண்டி: காலையில் 12.0 வோல்ட். என்ஜின் ஓடும்போதும் அளவு ஏறவில்லை. கசிவு 0.02 ஆம்பியர்.
விடை: கசிவு இல்லை. வரவே இல்லை. பெல்ட், பிரஷ், ரெகுலேட்டர் பார்க்க வேண்டும். இப்போது புதுப் பேட்டரி போட்டால் அதுவும் சில நாளில் காலியாகும்.

இரண்டாம் வண்டி: 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. சனிக்கிழமை இரவு 8 மணிக்கு 12.6. ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை 4 மணிக்கு 11.9. ஓடும்போது 14.2. கசிவு 0.85 ஆம்பியர். ஒரு பியூஸைக் கழற்றியதும் 0.02-க்கு இறங்கியது.
விடை: 32 மணி நேரத்தில் 27 ஆம்பியர்-அவர் போய்விட்டது. 0.83 ஆம்பியர் என்பது 10 வாட் பல்பு ஒன்றின் செலவு. அந்தப் பியூஸ் வழியில் உள்ள ரூஃப் லைட்டையும் கதவு ஸ்விட்சையும் பாருங்கள். செலவு ஒரு ஸ்விட்ச் விலை. பேட்டரியை முழுவதும் சார்ஜ் செய்து மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் காலியாகவே வாரக்கணக்கில் விட்டால் தகடுகளில் சல்பேட் இறுகி, நல்ல பேட்டரியும் வீணாகும்.

மூன்றாம் வண்டி: ஓடும்போது 14.1. கசிவு 0.02. சார்ஜரில் முழுவதும் ஏற்றி, கேபிளைக் கழற்றியே ஓர் இரவு வைத்தும் காலையில் 12.1. செல்ஃப் அடித்தால் 8 வோல்ட்.
விடை: வரவும் நன்று, கசிவும் இல்லை. தனியே வைத்தும் இருப்பு நிற்கவில்லை. பேட்டரியின் ஆயுள் முடிந்தது. தயங்காமல் மாற்றுங்கள்.

புதுப் பேட்டரி வாங்கும்போது பில்லும், தேதி போட்டு முத்திரை வைத்த வாரண்டி அட்டையும் கேட்டு வாங்குங்கள். பழைய பேட்டரியை விற்பனைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரி முறையான மறுசுழற்சிக்குத்தான் போக வேண்டும். அதை உடைத்து ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டுபவரிடம் கொடுத்தால், அந்த ஈயம் நம் தெருப் பிள்ளைகளின் உடம்பில்தான் சேரும்.

பட்டறைக்குப் போகும்போது

நல்ல எலக்ட்ரீஷியன் நமக்கு விரோதி அல்ல. "வண்டி எடுக்கவில்லை, பாருங்கள் அண்ணே" என்று விட்டுவிட்டு வந்தால் அவரும் ஊகித்துத்தான் வேலை செய்ய முடியும். "காலையில் 11.9, ஓடும்போது 14.2, கசிவு 0.85" என்று எழுதிய சீட்டைக் கொடுத்தால், அவருக்கு அரை நாள் வேலை மிச்சம், நமக்குக் கூலி மிச்சம். வேலை முடிந்ததும் அதே மூன்று அளவையும் நம் முன்னால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இதில் அவருக்கு அவமதிப்பு ஏதும் இல்லை. நாம் வாடிக்கையாளர் கண்முன்னே தராசில் எடை போட்டுக் காட்டுகிறோம். அவர் மீட்டரில் காட்டுகிறார். இரண்டும் ஒரே நாணயம்தான்.

கடையில் தினசரிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வண்டிக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். மாதம் முதல் தேதி, காலை இருப்பு, ஓடும்போது வரவு, கசிவு என மூன்று எண்களை எழுதுங்கள். பத்து நிமிட வேலை. போன மாதம் 12.6 இருந்தது இந்த மாதம் 12.4 ஆகியிருந்தால், வண்டி நின்று போகுமுன்னே தெரிந்துவிடும். மண்டிக்குப் போகும் காலையில் தெரிவதைவிட, முதல் தேதி மாலையில் தெரிவது நமக்கு லாபம்.